கீப்பர் கையைப் பாரு

“பந்தைப் பாக்காதேம்மா. கீப்பர் கையைப் பாரு” என்றார் பெரியப்பா.

2023 அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய உலகக் கோப்பை ஆட்டம். தொடங்கி ஏழெட்டு ஓவர்தான் ஆகியிருக்கும். எங்களுக்குக் கிடைத்த இருக்கைகள் பிட்சுக்குப் பக்கவாட்டில். பந்து வீசுபவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து டிவியில் பார்த்தே பழகிய எனக்கு, பாதி ஆட்டத்தை யாரோ மறைத்துவிட்டது போலிருந்தது. பந்து உள்ளே வந்ததா, வெளியே போனதா, திரும்பியதா, எதுவுமே பிடிபடவில்லை. பெரிய திரையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் கவனித்துவிட்டுத்தான் பெரியப்பா அப்படிச் சொன்னார்.

“இங்கேருந்து லைன் தெரியாது. லெங்த் நல்லாத் தெரியும். பந்து எங்கே குத்துதுன்னு மனசுல வெச்சுக்கோ. அப்புறம் ராகுல் எந்த உயரத்துல பிடிக்கிறான்னு பாரு. ஒரே இடத்துல குத்தின பந்தை ஒரு தடவை நெஞ்சுகிட்ட பிடிச்சு, அடுத்த தடவை முழங்கால்கிட்ட பிடிச்சான்னா, பிட்ச்சு உயிரோட இருக்குன்னு அர்த்தம்.”

அதற்கப்புறம் நான் திரையைப் பார்ப்பதைக் குறைத்தேன். கே.எல். ராகுலின் கையுறைகளைப் பார்க்கத் தொடங்கியதும் ஆட்டம் மெல்லத் திறந்தது. சில பந்துகள் குத்தியபின் ஒரு கணம் தயங்கி வந்தன. நம் ஊரில் ‘பந்து நின்னு வருது’ என்று சொல்வோமே, அது கண்ணெதிரே நடந்தது. டிவியில் ஆயிரம் தடவை கேட்ட சொற்றொடர். அன்றைக்குத்தான் அதன் பொருளைப் பார்த்தேன்.

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறிச் சேப்பாக்கத்தில் இறங்கும்வரை வண்டி முழுக்க ஒரே பேச்சுதான். டாஸ் ஜெயித்தால் என்ன செய்யணும்? வாலாஜா சாலையில் நடக்கும்போதும் அதே பேச்சு. இரண்டு பழைய விதிகள் இங்கே ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. ஒன்று, சேப்பாக்கத்தில் முதலில் ஆடு. பிட்ச் காயக் காயப் பந்து திரும்பும், இரண்டாவது ஆடுகிறவர்கள் திணறுவார்கள். இன்னொன்று, இரவு ஆட்டமென்றால் பின்னால் ஆடு; டியூ, அதாவது பனி, இறங்கிவிடும். அக்டோபர் மாதம், கூப்பிடு தூரத்தில் கடல், காற்றில் அவ்வளவு ஈரம். ராத்திரி ஏழு, எட்டு மணிக்குமேல் புல்லெல்லாம் நனைந்து, பந்து அதில் உருண்டு உருண்டு வழவழப்பாகிவிடும். விரலால் சுழற்றுகிறவருக்கும் மணிக்கட்டால் சுழற்றுகிறவருக்கும் பிடி நழுவும். பந்து குத்தியதும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு மட்டைக்கு வரும். அடிப்பது சுலபமாகிவிடும்.

ஆஸ்திரேலியக் கேப்டன் பேட் கம்மின்ஸ் டாஸ் ஜெயித்து பேட்டிங் எடுத்தார். எங்கள் வரிசையில் சட்டென்று இரண்டு கட்சி உருவானது.

எனக்கு முன்வரிசையில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு கல்லூரிப் பையன். “அங்கிள், தப்பு பண்ணிட்டாங்க. நைட்டு டியூ வந்தா ஸாம்பா கையில பந்து சோப்பு மாதிரி வழுக்கும். 300 அடிச்சாலும் நாம அடிச்சிடலாம்.”

பெரியப்பா உடனே மறுக்கவில்லை. “மார்ச்ல என்னாச்சு?” என்று மட்டும் கேட்டார். அந்தப் பையனுக்கும் நினைவிருந்தது. 2023 மார்ச் 22-ஆம் தேதி இதே மைதானத்தில் இதே ஆஸ்திரேலியா முதலில் ஆடி 269 எடுத்தது. நாம் 248-க்கு ஆல் அவுட். சுழற்பந்து வீச்சாளர் ஆடம் ஸாம்பா 45 ரன் கொடுத்து 4 விக்கெட். 21 ரன்னில் தோற்றோம். கம்மின்ஸின் முடிவை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. “டியூ வந்தா நீ சொல்றது சரி. வரலேன்னா அவன் செஞ்சது சரி. எட்டு மணிக்குப் பேசுவோம்” என்றார் பெரியப்பா.

பின்னாலிருந்து ஒரு கரகரத்த குரல் குறுக்கே வந்தது. அந்தக் குரலுக்குரியவரை ஆட்டம் முடியும்வரை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆனால் அந்த ஏழெட்டு மணி நேரத்தில் அவர் எங்கள் வீட்டு மனிதர் மாதிரி ஆகிவிட்டார். “பந்து ரெண்டு சார், அதை மறந்துட்டீங்க” என்றார். 2011-இன் இறுதியிலிருந்து 2025-இன் நடுப்பகுதிவரை ஒருநாள் ஆட்டங்களில் ஐம்பது ஓவருக்கும் இரு முனைக்கும் தனித்தனிப் புதுப் பந்து என்பதுதான் விதி. ஐம்பது ஓவர் முடிந்தாலும் ஒவ்வொரு பந்துக்கும் இருபத்தைந்து ஓவர் வயசுதான். பெரியப்பாவுக்கு இந்த விதியே பிடிக்காது. பந்து கிழடு தட்டினால்தான் ரிவர்ஸ் ஸ்விங், பந்து மெத்தென்று ஆனால்தான் கடைசி பத்து ஓவரில் அடிக்கச் சிரமம் என்பார். கரகரக் குரல்காரர் வேறு கோணம் வைத்தார். பந்து கெட்டியாகவே இருப்பதால் இந்த மண்ணில் சுழற்பந்துக்குக் கூடுதலாக எழும்பும், அது ஜடேஜாவுக்கு நல்லது என்றார். பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்படி நான் யோசிச்சதில்லை” என்றார். அறுபத்திரண்டு வயதில், நாற்பது வருஷத்துக்குமேல் கிரிக்கெட் பார்த்தவர், முகம் தெரியாத ஒருவரிடம் அப்படிச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மூன்றாவது ஓவரில் பும்ராவின் பந்து மிட்செல் மார்ஷின் மட்டை விளிம்பைத் தொட்டுக்கொண்டு போனது. முதல் ஸ்லிப்பில் கோலி இடப்பக்கம் பாய்ந்து பிடித்தார். மார்ஷ் 0. ஸ்டேண்டே எழுந்து நின்று கத்தியபோது பெரியப்பா மட்டும் உட்கார்ந்தபடியே, “இவன் அப்பன் இங்கே 110 அடிச்சான்” என்றிருந்தார். அதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1987 அக்டோபர் 9. இதே மைதானம், இதே இரண்டு அணிகள், அதுவும் அந்த உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் ஆட்டம்தான். ஒருநாள் குறைய முப்பத்தாறு வருஷம் ஆகியிருந்தது. பெரியப்பாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. விளக்கு கிடையாது, பகலாட்டம். கையில் ஒரு டிரான்சிஸ்டரும் தயிர்சாதப் பொட்டலமுமாகக் காலையிலேயே போய் இடம் பிடித்தாராம். ஜெஃப் மார்ஷ் தொடக்க ஆட்டக்காரராக வந்து 110 எடுத்தார். டீன் ஜோன்ஸ், மணிந்தர் சிங் பந்தைத் தூக்கி அடித்தார். எல்லைக்கோட்டருகே நின்ற ரவி சாஸ்திரி நாலு என்று சைகை காட்ட, நாலாகவே எழுதப்பட்டது. ஐம்பது ஓவர் முடிவில் ஆஸ்திரேலியா 268. இடைவேளையில் ஆஸ்திரேலிய அணித் தரப்பு அது சிக்ஸர் என்று நடுவர்களிடம் முறையிட்டது. கேப்டன் கபில்தேவ் ஒத்துக்கொண்டார். 268 என்பது 270 ஆனது.

ஸ்ரீகாந்த் 70 எடுத்தார், தன் முதல் ஒருநாள் ஆட்டத்திலேயே சித்து 73 எடுத்தார். கைக்குள் இருந்த ஆட்டம். கிரெய்க் மெக்டர்மாட் திரும்ப வந்து விக்கெட்டுகளை உருவினார். கடைசி இரண்டு பந்தில் 2 ரன் வேண்டும், கையில் ஒரு விக்கெட். ஸ்டீவ் வா வீசினார். ஆடியது மணிந்தர். போல்டு. இந்தியா 269. ஒரே ஒரு ரன்னில் தோல்வி. அந்த நாலு நாலாகவே இருந்திருந்தால் 269 வெற்றிக்குப் போதும்.

இந்தக் கதையைப் பலரும் பலவிதமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரியப்பா சொல்லும் கதையில் மட்டும் ஒரு வரி கூடுதலாக உண்டு. “அது சிக்ஸ்தாம்மா. நான் பாத்தேன்.” அன்றும் அவர் பக்கவாட்டில்தான் உட்கார்ந்திருந்தார். பந்து கயிற்றைத் தாண்டி விழுந்தது அவருக்குத் தெரிந்தது. பக்கத்திலிருந்தவர்களிடம் அப்போதே சொன்னார். நம்ம டீம் ஜெயிக்கிறது பிடிக்கலையா என்று திட்டினார்களாம். தோற்ற பிறகு அவரோடு பேசவே இல்லையாம். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவர் அந்த வரியை மாற்றவில்லை. ஒரு ரன்னில் தோற்ற வலி அவருக்கும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே, பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறார். கிரிக்கெட்டில் நான் அவரிடம் கற்றுக்கொண்டது கவர் டிரைவையோ தூஸ்ராவையோ பற்றியல்ல, இதைத்தான்.

மார்ஷ் போனபின் வார்னரும் ஸ்மித்தும் நிதானமாக ஆடினார்கள். இரண்டாவது விக்கெட்டுக்கு 69 ரன். முதல் பத்து ஓவர் பவர்பிளேக்கும் கடைசி அதிரடிக்கும் நடுவே வரும் இந்த ஓவர்களைச் சலிப்பு என்று இப்போதெல்லாம் நிறையப் பேர் சொல்கிறார்கள். எனக்கு ஒருநாள் ஆட்டத்தில் மிகப் பிடித்த பகுதியே இதுதான். ஓவருக்கு நாலு ரன், நாலும் ஒற்றை ரன், ஒரு தடுப்பு, ஒரு தவறிய வெட்டு. இந்த நேரத்தில்தான் ஸ்டேண்ட் நிஜமாகப் பேசும். சிக்ஸர் பறக்கும்போது யாரும் பேசுவதில்லை, கத்துகிறோம். டி20-யில் மூன்றே கால் மணி நேரமும் அந்தக் கத்தலிலேயே போய்விடுகிறது. ஒரு கருத்தைச் சொல்லி, அது ஒரு மணி நேரம் ஊறி, தப்பாகப் போய், அதை நாமே திருத்திக்கொள்ள அங்கே அவகாசமில்லை.

அன்று அந்த ஓவர்களில் ஒரு விவாதம் ஓடியது. ஸ்மித் கணக்குப் போட்டு ஆடுகிறாரா, மாட்டிக்கொண்டாரா? மஞ்சள் சட்டைப் பையன், ஸ்மித் செட்டாகிவிட்டால் கடைசியில் வெளுத்துவிடுவார் என்று பயந்தான். “மாட்டிக்கிட்டான் தம்பி, ஒத்தை ரன் எடுக்கவே கஷ்டப்படறான்” என்றது கரகரக் குரல். ஆம்பூரிலிருந்து வேன் பிடித்து வந்திருந்த குடும்பத்தில் ஓர் அம்மாள், “ஒருபக்கம் குல்தீப், ஒருபக்கம் ஜடேஜா. மாத்தாம விட்டா போதும்” என்றார். வார்னர் 41 எடுத்து குல்தீப் பந்தை அவர் கையிலேயே கொடுத்தார்.

அடுத்தது, ஜடேஜா ஸ்மித்துக்குப் போட்ட அந்தப் பந்து. ஜடேஜாவிடம் மாயம் எதுவும் இல்லை என்று பார்க்கிறவர்கள் நினைப்பதுண்டு. நாலு எட்டு ஓடி வருவார், சட்டென்று போடுவார், மறுபடி போய் நிற்பார். ஒரே இடத்தில், வேகமாக, மட்டமாக. காற்றில் அவர் ஏமாற்றுவது குறைவு. ஒரே இடத்தில் விழும் பந்துகளில் ஒன்று திரும்பும், ஒன்று நேரே போகும். எது எதுவென்று மட்டைக்காரருக்குக் குத்தியபின்தான் தெரியும், அந்த வேகத்தில் தெரிந்து பயனில்லை. சுழற்றுவது பாதி அவர், பாதி மண். அந்தப் பந்தில் நாங்கள் பக்கவாட்டிலிருந்து கண்டது இவ்வளவுதான்: ஸ்மித்தின் மட்டை நேராக இறங்கியது, முன்கால் வந்தது, தடுப்பாட்டத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ராகுலின் கைகள் பந்தை வாங்கவில்லை. அவை அப்படியே மேலே போயின. அதற்கப்புறம்தான் ஸ்டம்ப் கலைந்திருப்பது கண்ணில் பட்டது, அதற்கும் அப்புறம்தான் சத்தம் எழுந்தது. பெரிய திரையில் மறுபடி காட்டியபோதுதான் பந்து வெளிவிளிம்பைத் தாண்டித் திரும்பி ஆஃப் ஸ்டம்பில் பட்டதைப் பார்த்தோம். “கீப்பர் கையைப் பாத்தியா?” என்றார் பெரியப்பா. பார்த்திருந்தேன்.

110-க்கு 2 என்றிருந்தது 119-க்கு 5 ஆனது. லபுஷேன், கேரி இருவரும் ஜடேஜாவின் ஒரே ஓவரில். மைதானம் முழுக்க அவர் பெயரைச் சொல்லிக் கூவியது. நான்கு மாதங்களுக்கு முன் ஐபிஎல் இறுதியாட்டத்தின் கடைசிப் பந்தில் நாலு அடித்துக் கோப்பை வாங்கித் தந்தவருக்கு, இந்த ஊரில் அன்றைக்கு எது செய்தாலும் அப்படித்தான் கூவியிருப்பார்கள். ஆனால் 10 ஓவர், 28 ரன், 3 விக்கெட் என்பது எந்த ஊரிலும் பெரிய வேலை.

அஷ்வினைப் பற்றித்தான் உண்மையான சண்டை நடந்தது. அக்ஷர் படேலுக்குக் காயம் என்பதால் கடைசி நேரத்தில் உலகக் கோப்பை அணிக்குள் வந்தவர் அவர். சொந்த ஊர்ப் பிட்ச், எதிரணியில் இடதுகை வார்னர். மூன்று சுழற்பந்து வீச்சாளர்களோடு இறங்கியதில் ஒருவராகச் சேர்ந்தார். மஞ்சள் சட்டைப் பையனுக்கு ஒப்புதலில்லை. மூன்று சுழல் அதிகம், இன்னொரு வேகம் வேண்டும், அஷ்வின் இனிமேல் டெஸ்டுக்கு மட்டும்தான் என்றான். ஆம்பூர் அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. “அவன் பிறந்து வளந்த ஊருப்பா இது. இந்த மண்ணு அவனுக்குத் தெரியாதா?” பையனும் விடவில்லை, “அக்கா, ஊர்ப்பாசம் வேற, டீம் வேற” என்றான்.

பெரியப்பா அஷ்வினின் கால்களைப் பார்க்கச் சொன்னார். கிரீஸில் ஒரு பந்துக்கு ஸ்டம்பை ஒட்டி நிற்கிறார், அடுத்ததற்குக் கிரீஸின் ஓரத்துக்குப் போகிறார். பந்து விழும் இடம் ஒன்று, அது புறப்படும் கோணம் வேறு. வேகத்தையும் அப்படியே கூட்டிக் குறைக்கிறார். ஜடேஜா மண்ணை நம்பிப் போடுகிறார், அஷ்வின் எதிரில் நிற்பவரின் மனசைப் பார்த்துப் போடுகிறார் என்பது பெரியப்பாவின் கட்சி. 10 ஓவரில் ஒரு மெய்டன் (ரன்னே கொடுக்காத ஓவர்), 34 ரன். கேமரன் கிரீன் தடுமாறித் தடுமாறி 8 எடுத்து, ஆஃப் பக்கம் அடித்த பந்து ஹர்திக் கையில் போய் உட்கார்ந்தது. அந்த ஒரு விக்கெட்தான். அதற்கு முந்தைய பந்துகளிலேயே கிரீனின் கால்கள் நகரவில்லை. “இவன் போகப் போறான்” என்று பெரியப்பா சொல்லி முடித்து இரண்டு நிமிஷம் ஆகவில்லை.

அந்த வெக்கையில் தொண்டை வறண்டு, நான் தண்ணீர் வாங்கக் கீழே போய் வரிசையில் நின்றேன். திரும்பி வரும்போது அஷ்வினின் பத்து ஓவரும் முடிந்திருந்தது.

ஆஸ்திரேலியா 49.3 ஓவரில் 199.

இடைவேளையில் கூடை கூடையாக நம்பிக்கை. 30 ஓவரில் முடிந்துவிடும், எட்டரைக்கே வேனில் ஏறிவிடலாம் என்று ஆம்பூர்க் குடும்பத்தினர் பேசிக்கொண்டார்கள். சுப்மன் கில்லுக்கு டெங்கு, அவருக்குப் பதில் இஷான் கிஷன் தொடக்க ஆட்டக்காரர். அது மட்டும் கொஞ்சம் உறுத்தலாக இருந்தது.

ஸ்டார்க்கின் வெளியே போகும் பந்தைத் துரத்தினார் கிஷன். ஸ்லிப்பில் கிரீன். 0. ஹேசல்வுட்டின் பந்து ரோகித்தின் காலில். 0. அதே ஓவரில் ஷ்ரேயஸ் ஐயர் வார்னர் கையில் கொடுத்தார். 0. இரண்டே ஓவரில் 2 ரன்னுக்கு 3 விக்கெட்.

முப்பதாயிரத்துக்குமேல் ஆட்கள் இருக்கும் இடத்தில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. பாப்கார்ன் விற்பவர் குரல் மூன்று ஸ்டேண்ட் தள்ளியும் கேட்டது. மஞ்சள் சட்டைப் பையன் இரண்டு கையையும் பின்னந்தலையில் கோத்துக்கொண்டு குனிந்திருந்தான். முதலில் பேசியது கரகரக் குரல்தான். “போச்சு சார். 150 கூட வராது.”

பெரியப்பா பதில் சொல்லவில்லை. அவர் ஆஸ்திரேலியக் கீப்பர் அலெக்ஸ் கேரியின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார். “விளக்கு வெளிச்சத்துல புதுப் பந்து. காத்துல ஈரம் இருக்கு, தரையில இன்னும் இறங்கலை. இந்த நேரம்தான் பந்து ரொம்ப ஆடும். இந்தப் பத்து ஓவர் தாண்டிட்டா வேற ஆட்டம்.” எனக்கு அது ஆறுதலுக்குச் சொன்னது போலத்தான் பட்டது. ஆனால் டியூ என்ற ஒரே சொல்லுக்குள் நாங்கள் மத்தியானம் முழுக்கக் குழப்பிக்கொண்டிருந்த இரண்டு வேறு விஷயங்களை அவர் பிரித்துக் காட்டியிருந்தார். காற்றிலிருக்கும் ஈரம் பந்துவீச்சாளருக்கு, தரையில் இறங்கிய ஈரம் மட்டைக்காரருக்கு.

எட்டாவது ஓவர். கோலி 12. ஹேசல்வுட் குட்டையாகப் போட்டார், கோலி சுழற்றினார், பந்து மேல்விளிம்பில் பட்டு நேரே வானத்துக்குப் போனது. விளக்குகளுக்கு மேலே அது நின்றுவிட்டது போல ஒரு பொழுது. கீழே மார்ஷ் ஓடி வருகிறார், எதிர்ப்புறமிருந்து கேரியும் ஓடி வருகிறார். பக்கவாட்டிலிருந்து இருவரையும் சேர்த்துப் பார்க்க முடிந்தது. ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரிந்து, இருவர் காலும் ஒரே கணத்தில் தயங்கியது. பந்து மார்ஷின் கையில் பட்டுத் தரையில் விழுந்தது. என் முழங்கையைப் பிடித்திருந்த பெரியப்பாவின் விரல்கள் சதையில் பதிந்திருந்தன. அப்பா 110 அடித்த மைதானத்தில் மகனுக்கு ஒரு 0, ஒரு தவறிய கேட்ச். அந்த நேரத்திலும் எனக்கு மார்ஷைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அதற்கப்புறம் நடந்தது சத்தமில்லாத வேலை. ஐம்பது ஓவரும் கீப்பிங் செய்துவிட்டுக் குளித்து முடித்து, கொஞ்சம் ஓய்வெடுக்கலாம் என்று நினைத்திருந்த ராகுல் இரண்டாவது ஓவரிலேயே இறங்க வேண்டியதாயிற்று. கொஞ்ச நேரம் டெஸ்ட் மாதிரி ஆடலாம் என்று கோலி தன்னிடம் சொன்னதாக ஆட்டம் முடிந்தபின் அவரே சொன்னார். அதைப் படிக்காமலே எங்களுக்கு அது தெரிந்தது. இருவரும் தூக்கி அடிக்கவில்லை. கட்டை போட்டார்கள், ஒற்றை ரன் எடுத்தார்கள், இரண்டாவது ரன்னுக்கு உயிரைக் கொடுத்து ஓடினார்கள். ஓர் ஒற்றை ரன்னுக்கு ஸ்டேண்டே கைதட்டுவதை அன்று கேட்டேன். சேப்பாக்கத்து ஜனங்களை விவரம் தெரிந்த ரசிகர்கள் என்று ஊரெல்லாம் சொல்லும்போது கொஞ்சம் மிகையாகச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஒற்றை ரன்னுக்கு விழுந்த அந்தக் கைதட்டலுக்குப் பிறகு அப்படி நினைக்கவில்லை.

மார்ச்சில் நம்மைச் சாய்த்த ஸாம்பா வந்தார். எல்லோரும் பயந்தது அவருக்குத்தான். ராகுல் அவருடைய ஒரே ஓவரில் மூன்று பவுண்டரி அடித்தார். எதுவும் பலத்தில் அடித்ததல்ல. பந்து வரும்வரை காத்திருந்து, கடைசி நொடியில் மட்டையைத் திருப்பிவிட்டதுதான். “பந்து நிக்கலை பாத்தியா? மத்தியானம் இதே மாதிரி வெயிட் பண்ணி ஆடியிருந்தா ஸ்டம்ப் போயிருக்கும்” என்றார் பெரியப்பா. கேரியின் கைகளைப் பார்த்தேன். பந்துக்குப் பந்து இடுப்புயரத்தில், ஒரே சீராக. மத்தியானம் நெஞ்சுக்கும் முழங்காலுக்குமாக அலைந்த ராகுலின் கையுறைகள் நினைவுக்கு வந்தன. நடுவில் யாரோ ஒரு ஃபீல்டர் பந்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் சட்டைப் பையன் திரும்பி, “அங்கிள், மணி எட்டு” என்றான். பெரியப்பா அவன் கையைக் குலுக்கினார்.

ஸ்கோர் நூறைத் தாண்டும்போது பின்னாலிருந்து கரகரக் குரல் வந்தது. “நான் சொன்னது தப்பு சார். பதறிட்டேன்.” யாரும் அவரைக் குத்திக்காட்டவில்லை. “நாங்களும்தான்” என்றார் ஆம்பூர் அம்மாள், ஒரு முறுக்குப் பொட்டலத்தைப் பின்வரிசைக்கு நீட்டினார்.

நாலாவது விக்கெட்டுக்கு 165 ரன். கோலி 85-இல் போனார், ஸ்டேண்ட் மொத்தமும் எழுந்து நின்றது. கடைசியில் வெற்றிக்கு 5 ரன் வேண்டும், ராகுல் 91. கம்மின்ஸ் பந்தை எக்ஸ்ட்ரா கவருக்குமேல் அடித்தார், சிக்ஸர், ஆட்டம் முடிந்தது. ஆனால் ராகுல் மட்டையோடு அப்படியே குந்திவிட்டார். ஜெயித்தவர் ஏன் இப்படி உட்காருகிறார் என்று ஒரு கணம் எங்களுக்குப் புரியவில்லை. பையன்தான் கணக்குப் போட்டான். முதலில் ஒரு நாலு, பிறகு ஒரு சிக்ஸர் என்றால் 101. பந்து நினைத்ததைவிட நன்றாகப் பட்டுவிட்டது. ஆட்டமிழக்காமல் 97. 41.2 ஓவரில் 201-க்கு 4.

வாலாஜா சாலையில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வரும்போதும் பேச்சு ஓயவில்லை. ஆட்ட நாயகன் ராகுல் என்பது சரியா, 199-க்குள் சுருட்டிய ஜடேஜாவுக்கல்லவா கொடுத்திருக்க வேண்டும்? எனக்கு ஜடேஜாதான். பெரியப்பாவுக்கு ராகுல், ஐம்பது ஓவர் குனிந்து எழுந்தவன், அதில் பிட்ச்சை அவனைவிட யார் படித்திருக்க முடியும் என்றார். சேப்பாக்கம் நிலையப் படிக்கட்டில் மஞ்சள் சட்டைப் பையன் எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு வேளச்சேரி வண்டிக்கு ஓடினான். அவன் பெயரை நான் கேட்கவே இல்லை.

நவம்பர் 19-இல் அகமதாபாதில் அதே ஆஸ்திரேலியாவிடம் கோப்பையைக் கொடுத்துவிட்டு வந்தோம். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

2024 டிசம்பர் 18 அன்று பிரிஸ்பேனில் அஷ்வின் ஓய்வை அறிவித்தார். அலுவலகத்தில் செய்தியைப் பார்த்ததும் அவருடைய எண்களைத் தேடிப் படித்துக்கொண்டே போனேன். ஒருநாள் ஆட்டங்கள் 116, விக்கெட்டுகள் 156. கடைசியாக ஆடிய ஒருநாள் ஆட்டம் என்ற இடத்தில் 2023 அக்டோபர் 8, சென்னை என்றிருந்தது. அந்த உலகக் கோப்பையில் அவருக்குக் கிடைத்த ஒரே ஆட்டமும் அதுதான். பெரியப்பாவைக் கூப்பிட்டேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் டிவி சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “கிரீன் விக்கெட் ஞாபகம் இருக்கு. அன்னைக்கு அவன் போட்ட கடைசிப் பந்து எதுன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன், வரமாட்டேங்குது. உனக்கு?” என்றார்.

“நான் தண்ணி வாங்கப் போயிருந்தேன் பெரியப்பா.”

“ஆமாமா” என்றார். “நீ இல்ல. நான் கீப்பர் கையைப் பாத்துக்கிட்டிருந்தேன்.”